முதல் குரோமாட்டிக் ஹார்மோனிகா: புதிதா, பழையதா?

குரோமாட்டிக் ஹார்மோனிகா, அதாவது 12 சுரங்களும் வாசிக்க முடிகிற மவுத் ஆர்கன், வாங்க நினைக்கிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். பிராண்டை அப்புறம் பார்க்கலாம். ஒரு சின்ன ஸ்குரூடிரைவரை வைத்து நீங்களே கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்ட முடிகிற கருவியா என்பதை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் கிட்டாருக்குப் பழுது பார்க்க ஆள் உண்டு, வயலினுக்கும் உண்டு. ஹார்மோனிகாவைத் திறந்து ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு) சரிசெய்து கொடுப்பவர் அவ்வளவு சுலபத்தில் கிடைக்கமாட்டார். குரோமாட்டிக்கோ அவ்வப்போது திறந்தே ஆகவேண்டிய கருவி. கீழே நான் சொல்லும் யோசனைகளில் பாதிக்கு மேல் இதை மனத்தில் வைத்துச் சொல்பவைதான்.

உங்களுக்கு வேண்டியது குரோமாட்டிக்தானா?

நம் ஆட்கள் பொதுவாக மவுத் ஆர்கன் என்று சொல்வது ட்ரெமெலோ வகையை. இரண்டு வரிசையில் சின்னச் சின்னத் துளைகள், ஊதினால் லேசாக அதிரும் ஓசை. பள்ளி நாள்களில் பலர் கையில் இருந்தது அதுதான். 10 துளையுள்ள டயடோனிக் இன்னொரு வகை. புளூஸ் வாசிப்பவர்கள் வைத்திருப்பது. இவற்றில் ஒரு ஸ்கேலுக்கு உரிய சுரங்கள்தாம் நேரடியாகக் கிடைக்கும். திரைப்பாடல் வாசிக்க ஆரம்பித்ததும் இந்தக் குறை தெரிந்துவிடும்: பல்லவி சுகமாகப் போகும், சரணத்தில் ஒரு நிஷாதம் அரைச்சுரம் இறங்கும், கையில் உள்ள கருவியில் அந்தச் சுரமே இருக்காது.

குரோமாட்டிக்கில் வலது ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே ஸ்லைடு என்ற தகடு நகர்ந்து, எல்லாத் துளையிலும் சுரம் அரை படி ஏறும். ஆக 12 சுரங்களும் ஒரே கருவியில் கிடைத்துவிடும். பல்வகைப் பாட்டு வாசிக்க ஆசைப்பட்டால் இதுதான் உங்களுக்கு. ராகம் வாசிக்கலாமா என்றால், வாசிக்கலாம். ஆனால் கமகம் முழுதாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வயலினில் வழுக்குவதுபோல இதில் வழுக்க முடியாது. சுரத்தைக் கொஞ்சம் கீழே வளைக்கலாம், அவ்வளவுதான்.

இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ட்ரெமெலோவையும் குரோமாட்டிக் என்று தலைப்பிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். படத்தில் பொத்தான் தெரியவில்லையென்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.

சுரங்கள் எங்கே இருக்கின்றன

வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டால் கடையிலோ விற்பவர் முன்னாலோ சோதித்துப் பார்க்க உதவும். சி ஸ்கேல் கருவியில் ச என்பது சி. முதல் நான்கு துளைகளில் ஊதினால் ச, க, ப, மேல் ச. காற்றை உள்ளிழுத்தால் ரி, ம, த, நி. சங்கராபரணத்தை ஏறுவரிசையில் வாசித்தால், ச ஊது, ரி இழு, க ஊது, ம இழு, ப ஊது, த இழு என்று மாறி மாறி வந்து, நி-யில் மட்டும் மறுபடியும் இழுக்கவேண்டும். அப்புறம் மேல் ச ஊது. த-வும் நி-யும் அடுத்தடுத்து இழுப்பாக வருகிற இந்த இடத்தில்தான் புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். ஐந்தாம் துளையில் ஊதினால் அதே மேல் ச மறுபடியும் வரும். அங்கிருந்து அடுத்த ஸ்தாயி இதே அமைப்பில் தொடங்கும்.

சரளி வரிசை படித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மாயாமாளவகௌளை இதில் மிகச் சுலபம். ச ஊதுங்கள், அதே துளையில் ஊதியபடி பொத்தானை அழுத்தினால் சுத்த ரிஷபம். இரண்டாம் துளை ஊதினால் க, இழுத்தால் ம. மூன்றாம் துளை ஊதினால் ப, ஊதியபடி அழுத்தினால் சுத்த தைவதம். நான்காம் துளை இழுத்தால் நி, ஊதினால் ச. பொத்தான் வேலை இரண்டே இடத்தில். மோகனத்துக்குப் பொத்தானே வேண்டாம். கல்யாணிக்கு இரண்டாம் துளையின் இழுப்பில் மட்டும் பொத்தான். கரகரப்பிரியாவுக்கு முதல் துளை இழுப்பிலும் மூன்றாம் துளை இழுப்பிலும்.

எத்தனை துளை, எந்த ஸ்கேல்

12 துளை, சி ஸ்கேல். இதில் நான் பெரிதாக யோசிக்கச் சொல்லமாட்டேன்.

12 துளையில் மூன்று ஸ்தாயி, ஒவ்வொரு துளைக்கும் 4 சுரம், மொத்தம் 48 ரீடு. மாடல் பெயர்கள் சிலவற்றில் 48 என்ற எண் வருவது அதனால்தான். 16 துளைக் கருவியில் கீழே இன்னொரு ஸ்தாயி கூடும், 64 ரீடு. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியதன்மேல் ஆசை வரும். ஆனால் அந்தக் கீழ் ஸ்தாயி ரீடுகள் நீளமானவை, மெதுவாகப் பேசுபவை. மூச்சு பழகாதவர்களுக்கு இழுத்துப் பிடிக்கும். விலையும் எடையும் கூடுதல். டூட்ஸ் தீலமன்ஸ் (1922–2016) போன்ற ஜாஸ் ஹார்மோனிகா மேதைக்கே 12 துளை போதுமானதாக இருந்தது. 10 துளைக் கருவி கைக்கு அடக்கமானதுதான், ஆனால் மூன்றாம் ஸ்தாயி பாதியில் நின்றுவிடும். 14 துளையில் கீழே பஞ்சமம் வரை கிடைக்கும். நல்ல நடுவழிதான், முதல் கருவிக்கு அவசியம் இல்லை.

"என் மனைவிக்குச் சுருதி 5 கட்டை, அதற்கு ஏற்ற ஸ்கேலில் வாங்கட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். சி என்பது 1 கட்டை. 5 கட்டை என்றால் ஜி. சி கருவியிலேயே ஜி ஸ்கேல் சங்கராபரணம் வாசிக்க, நிஷாதத்துக்கு மட்டும் பொத்தான் அழுத்தினால் போதும். 4 கட்டையில் மத்தியமத்துக்கு மட்டும். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசித்தால் கருவி முழுவதும் 1½ கட்டைக்கு வந்துவிடும். பாடப் புத்தகங்கள், காணொளிகள் பெரும்பாலும் சி-யைத்தான் எடுத்துக்கொள்கின்றன. விளம்பரத்தில் "டெனர் சி" என்று போட்டிருந்தால் அது ஒரு ஸ்தாயி கீழே தொடங்கும் கருவி, தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்.

உடல், ஆணி, வால்வு

மேல்மூடியைக் கழற்றினால் இரண்டு பித்தளைத் தகடுகள், அவற்றில் ரீடுகள், நடுவே ஓர் உடல். இந்த உடலைக் காம்ப் என்பார்கள். ரீடு அதிர்ந்து ஒலிக்கும் விதம் ஹார்மோனியத்தில் உள்ளதேதான்.

உடல் மரமா பிளாஸ்டிக்கா என்பது வெறும் ரசனை விஷயம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன், குறைந்தபட்சம் இந்த ஊரில். மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். வெளியே ஈரப்பதம், படுக்கையறையில் ராத்திரி முழுக்க ஏர்கான். இப்படித் தினமும் உப்பிச் சுருங்கி, ஒருநாள் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும். காற்று அதன் வழியே போகும். வாசிப்பவருக்கு மூச்சுத் திணறும், தனக்குத்தான் திறமை இல்லை என்று நினைத்துக் கருவியை மூலையில் வைத்துவிடுவார். மர உடலின் ஓசை இதமாக இருக்கும் என்பார்கள். அதை இரண்டாவது கருவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதற்குப் பிளாஸ்டிக் உடல்.

தகடுகள் எப்படி மாட்டப்பட்டிருக்கின்றன என்பது அடுத்தது. ஹோனரின் சூப்பர் குரோமோனிகா 270 பெயர் பெற்ற மாடல், பேரிமர உடல். அதன் பழைய கருவிகளில் தகடும் மூடியும் சிறு ஆணிகளால் அறையப்பட்டவை. ஒருமுறை நெம்பி எடுத்தால் மறுபடி அதே இறுக்கத்தோடு உட்காருவது கடினம். பின்னாளில் வந்த 270 டீலக்ஸில் திருகாணி. அதே நிறுவனத்தின் சிஎக்ஸ்-12 பிளாஸ்டிக் உடலோடு வருவது; வெளிமூடியைக் கழற்ற ஸ்குரூடிரைவர்கூடத் தேவையில்லை. சுசூகியின் எஸ்சிஎக்ஸ்-48, திருகாணி போட்ட நம்பகமான ஆரம்பக் கருவி. ஸெய்டலின் சேக்சனி மாடலில் ரீடுகள் துருப்பிடிக்காத எஃகு, ஆயுள் அதிகம், விலையும் அப்படியே. சீனத் தயாரிப்பில் ஸ்வான், ஈஸ்ட்டாப், கொங்ஷெங் பெயர்களைப் பார்ப்பீர்கள்.

வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் குரோமாட்டிக்கின் தலைவலி எல்லாம் அதில்தான். ஒவ்வொரு காற்றறையிலும் ஊதினால் ஒலிக்கும் ரீடு ஒன்று, இழுத்தால் ஒலிக்கும் ரீடு ஒன்று. நீங்கள் ஊதும்போது மற்ற ரீடின் இடுக்கு வழியாகக் காற்று வீணாகப் போகும். அதை அடைக்கத்தான் ரீடு இடுக்கின் மறுபுறம் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பார்கள். ஒரு முனை மட்டும் ஒட்டப்பட்டிருக்கும், மறுமுனை காற்றுக்குத் தகுந்தபடி மூடும், திறக்கும். மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் படிந்தால் பட்டை ஒட்டிக்கொள்ளும். சுரம் தாமதமாக வரும், சில நேரம் "டப்" என்ற சத்தத்தோடு வரும், சில நேரம் ஈ மாதிரி ரீங்கரிக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று வால்வு இல்லாமலும் கருவிகள் செய்கிறார்கள். ஈஸ்ட்டாப்பின் ஃபோர்ரன்னர் அப்படி ஒன்று. சுரத்தை வளைப்பது இதில் சுலபம், விலையும் குறைவு. கீழ்ச் சுரங்களுக்குக் காற்று கொஞ்சம் கூடுதலாக வேண்டும். டயடோனிக் வாசித்துப் பழகியவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். முற்றிலும் புதியவர் என்றால் வால்வுள்ள கருவியிலேயே தொடங்குங்கள். மென்மையாக ஊதும் பழக்கம் அதில்தான் வரும்.

புதிதாக வாங்குவது

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ், பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. பெரும்பாலும் கிட்டார்தான் சுவர் முழுக்கத் தொங்கும். குரோமாட்டிக் இருக்கிறதா, எந்த மாடல் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வாயால் ஊதிப் பார்க்க விடமாட்டார்கள், அது சரிதான். உங்களுக்கு முன்னால் ஐந்து பேர் ஊதிய கருவியை நீங்களும் வாங்கமாட்டீர்கள். காற்றை அழுத்தி ஒலிக்கவைக்கும் சிறு துருத்தி கடையில் இருந்தால் அதை வைத்து எல்லாத் துளைகளையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், வாங்கியபின் ஏதாவது ஒரு சுரம் பேசாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றிக் கொடுப்பீர்கள் என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ரீடு தேய்மானத்தை உத்தரவாதத்தில் சேர்க்காதது பொதுவான வழக்கம்.

விலையைத் தோராயமாகச் சொன்னால், சீனத் தயாரிப்பு 12 துளைக் கருவிகள் 100 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டிக் கிடைக்கும், கொஞ்சம் கீழேயோ மேலேயோ. ஹோனர், சுசூகி போன்ற ஜெர்மன், ஜப்பானியக் கருவிகளுக்கு 200, 300 வெள்ளியாவது எடுத்துவைக்க வேண்டும். தொழில்முறைக் கருவிகள் அதற்கும் பல மடங்கு போகும், இப்போதைக்கு அந்தப் பக்கம் போகவேண்டாம். 20, 30 வெள்ளிக்குக் குரோமாட்டிக் என்று வந்தால் அதை விளையாட்டுச் சாமானாகத்தான் நினைக்கவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு கணக்கு முடிவதில்லை. 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் இது பொருந்துகிறது. பெரிய இணையத்தளங்கள் பணம் கட்டும்போதே சேர்த்துவிடுகின்றன. 400 வெள்ளியைத் தாண்டினால் பொருள் இங்கே வந்திறங்கும்போது வரி கட்டவேண்டும், கூரியர் நிறுவனம் அதற்கென்று தனிக் கட்டணமும் கேட்கலாம். அதோடு, பழுதான கருவியைத் திருப்பி அனுப்பும் தபால் செலவு யார் தலையில் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 30 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் அந்த வம்பில் மாட்டிக்கொள்வதைவிட உள்ளூர்க் கடை மேல்.

பழையதை வாங்குவது

பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் தேடினால் எப்போதும் சில குரோமாட்டிக்குகள் கண்ணில் படும். இங்கே சில உயர்நிலைப் பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் ஹார்மோனிகா குழுக்கள் உண்டு. படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் விற்றுவிடுவார்கள். அவை வாசிக்கப்பட்ட கருவிகள், பெரும்பாலும் நல்ல மாடல்கள். தாத்தாவின் அலமாரியிலிருந்து வெளியே வருபவை இன்னொரு ரகம்.

இந்த இரண்டாவது ரகத்தில் விற்பவர் சொல்வது ஒன்றாகவே இருக்கும். "அண்ணே, கடைசியா எப்ப வாசிச்சீங்க?" என்று கேட்டால், "வாசிக்கவே இல்ல தம்பி, 20 வருஷமாப் பெட்டியிலேயே இருக்கு, புதுசு மாதிரி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 20 வருஷம் பெட்டியில் இருந்த குரோமாட்டிக்கின் வால்வுகள் காய்ந்து சுருண்டிருக்கும், மர உடல் நெளிந்திருக்கும், ஸ்லைடு இறுகியிருக்கும். வாரம் இரண்டு தடவை வாசிக்கப்பட்டு அங்கங்கே கீறல் விழுந்த கருவி அதைவிட நல்ல பேரமாக இருக்கக்கூடும். படத்தில் பளபளப்பது மேல்மூடி மட்டுமே. ஓசைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

போவதற்கு முன் செய்தி அனுப்பி, எந்த மாடல், திருகாணியா ஆணியா, யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஊதி, இழுத்து, பொத்தானை அழுத்தி மறுபடி ஊதி, இழுத்து ஒரு காணொளி அனுப்ப முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரு சில நிமிட வேலைதான். முடியாது என்பவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் அவர் கேட்கும் விலை அப்போது இறங்கவேண்டும்.

சந்திக்கும் இடம் முக்கியம். எம்ஆர்டி நிலையத்தில் கட்டண வாயில் ஓரமாக நின்று கைமாற்றிக்கொள்வது இங்கே வழக்கம். புத்தகத்துக்குச் சரி, ஹார்மோனிகாவுக்குச் சரிவராது. ரயில் அறிவிப்புச் சத்தத்தில் வால்வு ரீங்காரம் கேட்காது. அவர் வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மேசையில் உட்காரலாமா என்று கேளுங்கள். ஆல்கஹால் துடைப்பான் இரண்டும், கைப்பேசியில் ஒரு டியூனர் செயலியும் இருந்தால் போதும்.

முதலில் ஊதாதீர்கள், பாருங்கள். துளைகள் வழியாக வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் மர உடலில் வெடிப்பு இருந்தால் தெரியும். பொத்தானை மெதுவாக அழுத்துங்கள்; துளைகளின் திறப்பு முழுதாக மாறவேண்டும், பாதியில் நிற்கக்கூடாது. விட்டதும் தானாகத் துள்ளி வெளியே வரவேண்டும். ஒட்டிக்கொண்டு மெல்ல வந்தால் பெரும்பாலும் காய்ந்த எச்சில்தான், கழுவினால் போய்விடும். உள்ளே போனது வரவே இல்லையென்றால் ஸ்பிரிங் போயிருக்கலாம்.

அப்புறம் கருவியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே சில நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். மவுத்பீஸைத் துடையுங்கள். முதல் துளையிலிருந்து தொடங்கி, பேசுகிற அளவு மூச்சில், 48 சுரத்தையும் ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்யுங்கள். முதல் துளையை மிக மெல்ல ஊதி நீட்டிப் பிடித்துப் பார்த்தால் காற்றுக் கசிவு புலப்பட்டுவிடும். நல்ல கருவியில் 10 வினாடிக்கு மேல் சிரமமில்லாமல் நிற்கும், கசிகிறதில் மூச்சு சட்டென்று தீர்ந்துபோகும். ஒரே ஒரு சுரம் மட்டும் பலவீனமாக, காற்றுச் சத்தத்தோடு வந்தால் அங்கே வால்வு விழுந்திருக்கலாம். அது சின்னப் பழுது. எல்லாக் கீழ்ச் சுரங்களும் அப்படியென்றால் உடலிலேயே கோளாறு, நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

சுருதி பார்க்க டியூனரைவிட நல்ல வழி ஒன்று கருவிக்குள்ளேயே இருக்கிறது. சில சுரங்கள் இரண்டு இடத்தில் கிடைக்கும். இரண்டாம் துளையில் க ஊதிப் பொத்தானை அழுத்தினால் ம வரும். அதே துளையில் பொத்தான் இல்லாமல் இழுத்தாலும் அதே ம. நான்காம் துளையில் நி இழுத்துப் பொத்தானை அழுத்தினால் ச, ஊதினாலும் ச. நான்காம் துளையின் ச-வும் ஐந்தாம் துளையின் ச-வும் ஒன்றே. இந்த ஜோடிகளை அடுத்தடுத்து வாசித்துக் கேளுங்கள். ஒன்று மட்டும் இறங்கிக் கேட்டால் அந்த ரீடு களைத்துவிட்டது. திடீரென்று சுருதி இறங்கிய ரீடு விரிசல் விட்டு முறியப் போகிறது என்று அர்த்தம். நடு ஸ்தாயியில் நன்றாகக் கவனியுங்கள், அதிகம் உழைப்பது அதுதான். டியூனரில் பார்க்கும்போது எல்லாச் சுரமும் ஒரே அளவில் கொஞ்சம் மேலே நின்றால் பயப்படாதீர்கள். டியூனர் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கணக்கிடும். 442, 443 என்று கொஞ்சம் கூட்டித்தான் பல தொழிற்சாலைகளில் சுருதி சேர்க்கிறார்கள்.

11, 12-ஆம் துளைகள் உங்களுக்குப் பேசாமல் போனால் உடனே கருவியைக் குறை சொல்லிவிடாதீர்கள். அந்த உச்சச் சுரங்கள் புதியவர்களுக்கு லேசில் வராது. விற்பவருக்கு வாசிக்கத் தெரிந்தால் அவரையே ஊதிக் காட்டச் சொல்லுங்கள்.

பேரத்துக்கு என் கணக்கு: பழைய கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் புதிய விலையில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆணி அடித்த மர உடல் என்றால் அதிலும் பாதி. ரீடு தகடுகளை மாற்றவேண்டி வந்தால் அந்தச் செலவு புதுக் கருவி விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். உதிரிபாகம் கிடைக்கிற மாடலா என்று பேநவ் வழியாகப் பணம் அனுப்புவதற்கு முன் தேடிப் பார்த்துவிடுங்கள். இப்போது தயாரிப்பில் இல்லாத மாடலுக்குத் தகடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

வீட்டுக்கு வந்ததும்

பழைய கருவியென்றால் மவுத்பீஸின் இரு ஓரத் திருகாணிகளைக் கழற்றி, மவுத்பீஸையும் ஸ்லைடு பாகங்களையும் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒவ்வொரு பாகத்தை எடுக்கும்போதும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது மேலே எது கீழே என்று திரும்ப மாட்டும்போது நிச்சயம் குழம்பும். ரீடு தகட்டைத் துணியால் துடைக்கவேகூடாது, நூல் மாட்டி ரீடோ வால்வோ மடங்கிவிடும். மர உடலைத் தண்ணீரில் போடாதீர்கள். திரும்ப முடுக்கும்போது திருகாணியை அளவோடு முடுக்குங்கள். அதிகம் இறுக்கினால் ஸ்லைடு நகராது, தளர்த்தினால் காற்று கசியும். இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைப் பிடிக்க இரண்டு மூன்று முறை முயலவேண்டியிருக்கும்.

வாசிக்கும் இடத்தைப் பற்றி. ஜன்னல் திறந்த ஹாலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தால் நம் வெப்பநிலையில் வால்வு அவ்வளவாக ஒட்டாது. 23 டிகிரி ஏர்கான் அறையில் வாசித்தால் சில நிமிடத்தில் "டப், டப்" ஆரம்பித்துவிடும். ஏர்கானில்தான் வாசிப்பேன் என்பவர்கள் ஒவ்வொரு முறையும் கருவியைக் கையிலோ சட்டைப் பையிலோ வைத்துச் சூடாக்கிவிட்டு எடுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் வேண்டாம். வீவக அடுக்குமாடி வீட்டுச் சுவரில் உச்சஸ்தாயி நன்றாகவே ஊடுருவும்.

கோப்பி, தே தாரிக் குடித்தவுடன் ஊதாதீர்கள். கெட்டிப்பாலின் சர்க்கரை எச்சிலோடு போய் ஸ்லைடு இடுக்கில் காய்ந்தால் பொத்தான் பசை வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். வாயைக் கொப்பளித்துவிட்டு எடுப்பது மிகச் சாதாரணமான பழக்கம், பழுதில் பாதியை அது தடுத்துவிடும். வாசித்து முடித்ததும் துளைப்பக்கம் கீழே வரும்படி பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி ஈரத்தை உதறி, கொஞ்ச நேரம் திறந்த பெட்டியில் காயவிட்டு மூடுங்கள். கேமராவுக்கென்று ஈரம் உறிஞ்சும் அலமாரி வைத்திருப்பவர்கள் மர உடல் கருவியை அதில் வைக்கவேண்டாம், சுருங்கிவிடும்.

முதல் சில வாரங்களில் மெல்ல ஊதுவது ஒன்றைத்தான் பழகவேண்டும். ரீடைக் கொல்வது பலமான மூச்சு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை முதல் காலத்தில், ஒவ்வொரு சுரமும் முழுதாகப் பேசும்வரை. பக்கத்துத் துளையும் சேர்ந்து ஒலித்தால் உதட்டை இன்னும் குவியுங்கள்.

என்ன செய்தாலும் ஒரு நாள் ஏதாவது வால்வு ஒட்டத்தான் செய்யும். சூடாக்கியும் போகவில்லையென்றால் மூடியைக் கழற்றி, பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைச் செருகி, பட்டையை விரலால் மிருதுவாக அழுத்தியபடி காகிதத்தை உருவுங்கள். அழுக்கு அதோடு வந்துவிடும். வெளிப்புறம் தெரியும் பட்டைகளுக்குத்தான் இது நடக்கும். உள்ளே இருப்பவற்றுக்குத் தகட்டையே கழற்றவேண்டும், அங்கேதான் திருகாணி போட்ட கருவியை வாங்கியதன் அருமை தெரியும். மாற்று வால்வுகள் தொகுப்பாகவே விற்கிறார்கள், ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மர உடலோ 16 துளையோ வாங்கினாலும் இந்த முதல் கருவியை விற்றுவிடாதீர்கள். ஒன்று மேசைமேல் பிரித்துக் கிடக்கும்போது வாசிக்க இன்னொன்று வேண்டும்.